தறியின் மேல் விழுந்த பழி

செய்யார், ஆரணி வட்டாரத்தில் பூப்பெய்தும் வயதை ஒட்டிய ஒரு சிறுமியின் முதுகு ஒரு பக்கமாக வளைந்திருப்பது கண்ணில் பட்டால், காரணம் தேடி யாரும் அலைவதில்லை. அது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்றால் சின்ன வயதிலேயே தறிக்குழியில் உட்கார்ந்ததால் வந்தது என்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் புத்தகப் பை அழுத்தியதால் வந்தது என்பார்கள். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் கைபேசியும் கோணலாக உட்காரும் பழக்கமும் குற்றவாளிக் கூண்டில் ஏறும். படித்தவர், படிக்காதவர், ஆசிரியர், உறவினர் என்ற வேறுபாடின்றி நிலவும் இந்தக் கருத்தில் ஒரு வசதி இருக்கிறது: காரணம் பழக்கம் என்றால் மருந்தும் பழக்கமாகவே ஆகிவிடுகிறது, ஆகவே ‘நிமிர்ந்து உட்காரு’ என்ற அதட்டலோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. வளரிளம் பருவத்தில் தோன்றும் முதுகெலும்பின் பக்கவளைவைப் பொறுத்தவரை இந்தக் கருத்து தவறானது. அதைவிடப் பெரிய கேடு, சிகிச்சை பலிக்கக்கூடிய இரண்டு மூன்று ஆண்டுகளை அது விழுங்கிவிடுவது.

மனித முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, விலா எலும்புகள் வந்து பொருந்தும் மார்புப் பகுதியில் 12, அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் 5. இவற்றுக்கும் கீழே ஒன்றோடொன்று இணைந்துபோன 5 எலும்புகள் திருவெலும்பாகவும் கடைசி 4 வாலெலும்பாகவும் அமைகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கழுத்தும் இடுப்பும் முன்னோக்கியும், மார்புப் பகுதி பின்னோக்கியும் வளைந்திருப்பதுதான் இயல்பு. முதுகுப்புறமிருந்து பார்த்தால் மட்டும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்த நேர்கோடு வலப்பக்கமோ இடப்பக்கமோ விலகுவதையே மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறைப்படி, எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிகுதியாகச் சாய்ந்திருக்கும் எலும்புகளின் விளிம்பையொட்டிக் கோடு வரைந்து, அவ்விரு கோடுகளும் சந்திக்கும் கோணத்தை அளக்கிறார்கள். அது 10 பாகையைத் தொட்டால்தான் அந்தப் பெயர். ஆனால் கோணம் இந்த நிலையின் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. வளைவுக்குள் அகப்பட்ட ஒவ்வொரு முள்ளெலும்பும் சுழல் படிக்கட்டின் படிபோலத் தன் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியும் இருக்கிறது. அது திரும்பும்போது தன்னோடு பிணைந்த விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு திரும்புவதால்தான் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது. சாய்வும் முறுக்கும் ஒருங்கே நிகழும் இந்த அமைப்பை ‘கோணலாக உட்கார்ந்து வந்தது’ என்று விளக்குவது, முறுக்கைப் பார்க்காமலே பேசுவதாகும். கோணலாக உட்கார்வதாலோ, ஒரு கால் குட்டையாக இருப்பதாலோ, வலியால் தசை இறுகுவதாலோ முதுகு சாய்வது உண்டுதான். அந்தச் சாய்வில் எலும்பு நிலையாக முறுக்கிக்கொள்வதில்லை, காரணம் விலகியதும் அது மறைந்துவிடுகிறது.

தறியின் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டைத் தறியின் அருகில் நின்றே சோதித்துப் பார்க்கலாம். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓடவிடும் கயிற்றைச் சுண்ட, மறு கை அச்சுப்பலகையை முன்னிழுத்து ஊடையைப் பாவோடு அடித்துச் சேர்க்கிறது. இழை அறுந்திருக்கிறதா, புட்டா சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகத் தலையும் தோளும் நாள் முழுக்க முன்னால் குனிந்தே இருக்கின்றன. இந்த உடலுழைப்பின் விசை முன்னும் பின்னுமாக இயங்குகிறது. அதன் விளைவும் அந்தத் திசையிலேயே, அதாவது இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் தேய்மானம் என்ற வடிவங்களில், பெரும்பாலும் நடுவயதில் வெளிப்படுகிறது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக நெய்யப்படும் கோர்வைச் சேலைக்குத் தறியின் பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ள வேண்டியிருந்ததும், அந்தத் துணையாள் ஒரு காலத்தில் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்ததும் உண்மை. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையைத் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது தவறு. அந்தத் தவறை நிறுவ வளைந்த முதுகைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. தறிதான் காரணமென்றால் தறியையே தொடாத மளிகைக் கடைக்காரர் மகளுக்கும் ஆசிரியர் மகளுக்கும் அதே வயதில், அதே வடிவில், அதே பக்கத்தில் வளைவு வருவதற்கு வேறொரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. அதுதான் புத்தகப் பை.

புத்தகப் பையின் மேலுள்ள கோபத்துக்கு நீதிமன்றத்தின் ஆதரவும் அரசின் ஆதரவும் இருக்கின்றன. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டபோது பையின் எடையைக் குறைக்கவும் வலியுறுத்தியது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. இரண்டும் நல்ல காரியங்களே; கனமான பை தோளை வலிக்கச் செய்கிறது, பிள்ளையைக் களைப்படைய வைக்கிறது, அதைக் குறைக்க இவ்வளவு காரணம் போதும். ஆனால் அந்த நல்ல காரியத்துக்கு வலுச்சேர்க்க, முதுகு வளைவதே பையால்தான் என்று சேர்த்துச் சொல்லப்படும்போது, பையைக் குறைத்ததும் வளைவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி பரவுகிறது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சில எளிய கேள்விகளே காட்டிவிடும். பை சுமப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு கிடையாது. அப்படியிருந்தும், 10 முதல் 20 பாகை வரையிலான சிறு வளைவுகளில் ஓர் ஆணுக்கு 1.4 பெண் என்ற அளவில் இருக்கும் விகிதம், 40 பாகைக்கு மேற்பட்ட வளைவுகளில் ஓர் ஆணுக்கு ஏழு பெண் என்ற அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. பையைச் சிலர் வலத்தோளிலும் சிலர் இடத்தோளிலும் மாட்டுகிறார்கள், பலர் இரண்டு தோளிலும் மாட்டுகிறார்கள். மார்புப் பகுதியில் தோன்றும் வளைவுகளோ உலகெங்கும் மிகப் பெரும்பாலும் வலப்பக்கமாகவே புடைக்கின்றன. இந்த வலப்பக்கச் சார்புக்கு உடலின் உள்ளமைப்போடு தொடர்பிருக்கலாம் என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு வியப்பான தடயம் தந்தார்கள். வளைவே இல்லாத சாதாரண மனிதர்களின் மார்புப்பகுதி முள்ளெலும்புகள்கூட இலேசாக வலப்பக்கம் திரும்பியிருக்கின்றன. இதயமும் ஈரலும் உள்ளிட்ட உறுப்புகள் அனைத்தும் பிறவியிலேயே இடம் வலம் மாறி அமைந்தவர்களை எம்ஆர்ஐ படம் எடுத்துப் பார்த்தபோது அந்தத் திருப்பமும் இடப்பக்கமாக மாறியிருந்தது. தோளில் தொங்குவதைவிட மார்புக்குள் இருப்பது முதுகெலும்பின் திசையோடு நெருங்கிய உறவுடையது போலும்.

மரபுவழிச் சான்றுகள் இன்னும் வலுவானவை. இரட்டையர்களைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து 1997இல் வெளியான ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் நிலை 73 சதவீதமாகவும், இரு தனிக் கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரில் 36 சதவீதமாகவும் இருந்தது. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டில் இந்த அளவுகள் மிகக் குறைவாகவே வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரே கருவினர் முந்துவது அங்கும் மாறவில்லை. இரு வகை இரட்டையரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பள்ளிக்குப் போய், ஒரே மாதிரிப் பைகளைச் சுமப்பவர்கள். வேறுபாடு அவர்களது மரபணுப் பொதுமையில்தான். 2011இல் ஜப்பானிய ஆய்வுக் குழு எல்பிஎக்ஸ்1 என்ற மரபணுவின் அருகே இந்த வளைவோடு தொடர்புடைய ஒரு மாறுபாட்டைக் கண்டறிந்தது; அது பின்னர் சீனரிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமும் உறுதிப்பட்டது. ஒற்றை மரபணு எதுவும் இந்த நிலையை முழுமையாக விளக்கிவிடவில்லை. பல மரபணுக்கள் சிறு சிறு அளவில் பங்களிக்கின்றன என்பதே இன்றைய புரிதல்.

இந்த இடத்தில் பழக்கக் கருத்தின் ஆதரவாளர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்கள்: மருத்துவர்களே ஐந்தில் நான்கு வளைவுகளுக்குக் ‘காரணம் அறியப்படாதது’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள், காரணமே தெரியாதபோது தறியும் பையும் காரணமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? கேட்பதற்கு நியாயமாக ஒலிக்கும் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒன்றின் முழுக் காரணம் தெரியாமலிருப்பதும், குறிப்பிட்ட ஒன்று அதற்குக் காரணமில்லை என்று தெரிந்திருப்பதும் முரண்பட்டவை அல்ல. கொலையாளி யார் என்று தெரியாத வழக்கில்கூட, சம்பவ நேரத்தில் ஊரிலேயே இல்லாதவரைக் காவல்துறை விடுவித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பழக்கக் கருத்து செய்யார்ப் பக்கத்து அறியாமையும் அன்று. இதற்கு ஐரோப்பாவில் நீண்ட வம்சாவளி உண்டு. எலும்பு மருத்துவத் துறைக்கே பெயர் சூட்டிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி, 1741இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் முதுகு கோணுவதற்கு அவர்கள் உட்காரும் முறையையும் மேசை நாற்காலிகளையும் உடைகளையும் குறைகூறினார்; அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியக் கல்வியாளர்கள் பள்ளி மேசைதான் முதுகை வளைக்கிறது என்று நம்பி, மேசையின் உயரத்தையும் சாய்வையும் மாற்றி மாற்றிப் புதிது புதிதாக வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். மேசைகள் மாறின, வளைவு போகவில்லை. அதே நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் வேறு வழியில் போனார். இகுவானோடான் என்ற தொல்விலங்குக்குப் பெயரிட்டுப் புகழ்பெற்ற கிடியன் மான்டெல் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் முதுகு நோயால் வதைபட்டு 1852இல் இறந்தபோது, அவரது முதுகில் தெரிந்த புடைப்பைக் கட்டி என்றே மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். உடலை அறுத்துப் பார்த்த ஆடம்ஸ், அது முறுக்கிக்கொண்ட முள்ளெலும்புகளின் புடைப்பே என்று கண்டார். நிமிர்ந்து நிற்கும்போது மறைந்திருக்கும் முறுக்கு முன்னால் குனியும்போது வெளிப்படும் என்ற அவரது விளக்கம் 1865இல் நூலாக வந்தது; இன்றும் உலகெங்கும் பயன்படும் குனிந்து பார்க்கும் சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதட்டுவதற்கும் பார்ப்பதற்கும் இடையிலான வேறுபாடு அன்றே தெளிவாகிவிட்டது.

பழக்கம் இல்லையென்றால் வளைவைப் பெரிதாக்குவது எது? வளர்ச்சி. 1984இல் லான்ஸ்டீன், கார்ல்சன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இதை எண்களாகவே காட்டுகிறது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் எலும்பு எவ்வளவு தூரம் உருவாகியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பிடும் ரிஸ்ஸர் அளவுகோல் என்ற ஒன்று உண்டு. 0 என்றால் வளர்ச்சி இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது, 5 என்றால் முடிந்துவிட்டது. 20 முதல் 29 பாகை வளைவுடைய பிள்ளைகளில், ரிஸ்ஸர் 0 அல்லது 1 நிலையில் இருந்தோரில் 68 சதவீதம் பேரிடம் வளைவு கூடியது. அதே வளைவோடு 2 முதல் 4 வரையிலான நிலையில் இருந்தோரில் 23 சதவீதம் பேரிடம்தான் கூடியது. 20 பாகைக்குக் குறைந்த வளைவோடு வளர்ச்சியின் பின்கட்டத்தில் இருந்தவர்களிடம் அது 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வளைவின் அளவும் மீதமுள்ள வளர்ச்சியும் சேர்ந்தே அதன் போக்கைத் தீர்மானிக்கின்றன. உட்காரும் விதத்துக்கு இந்தக் கணக்கில் வேலை இல்லை.

பெண்பிள்ளைகள் வேகமாக உயரும் காலத்தின் உச்சம், முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை முன்பாகவே பெரும்பாலும் வந்து போய்விடுகிறது. ஊரில் ஒரு சிறுமியின் உடலைப் பெரியவர்கள் முதன்முதலாக அக்கறையோடு கவனிக்கும் சந்தர்ப்பம் மஞ்சள் நீராட்டு. ‘தோள் ஒரு பக்கம் ஏறியிருக்கிறதே’ என்று அத்தையோ பாட்டியோ சொல்வதும், புதிதாகத் தைத்த சட்டை ஒரு பக்கம் தூக்குகிறது என்று தையல்காரர் சொல்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் வளர்ச்சியின் உச்சம் கடந்துவிட்டிருந்தாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வளர்ச்சி மிச்சமிருக்கும். வளைவைத் தடுக்க முடிந்த காலம் அதுதான். அதட்டலிலும், எண்ணெய் தேய்த்து நீவுவதிலும், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலிலும் கழிவது இந்த இரண்டு ஆண்டுகளே. வளர வளரச் சரியாகும் என்பதல்ல, வளர்ச்சி மிச்சமிருந்தால் வளைவு கூடும் வாய்ப்பு அதிகம் என்பதே மேற்கண்ட எண்கள் சொல்வது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு: பழக்கமே காரணம் என்று நம்பும் வீட்டில் வளைவு கூடக்கூடக் குற்றம் அந்தச் சிறுமியின் மேலேயே ஏறுகிறது, சொன்னபடி உட்காராதவள் என்ற பெயரோடு, கல்யாணத்துக்கு முன் வெளியில் தெரியக்கூடாது என்ற மறைப்பும் சேர்ந்துகொள்கிறது.

வளர்ச்சியே தீர்மானிக்கும் சக்தி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று, வேறொரு நோயின் வழியாகச் சான்று தருகிறது. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் முள்ளெலும்புகளின் உடற்பகுதியை அரித்துச் சரியவைப்பதால் முதுகு பின்னோக்கிக் கூன் விழுகிறது. இதற்கு, ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் குழுவினர் வளர்த்தெடுத்த முறைப்படி, மார்பின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ போய் அரித்த பகுதியை வெட்டி எடுத்து வேறு எலும்பைப் பதிப்பதே சிறந்தது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓங்கியிருந்தது. 1970களில் சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இதைச் சோதிக்கத் தொடங்கின. கால்கள் செயலிழக்காத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையோடு ஆறு மாத மருந்தும், மற்ற இரண்டு பிரிவுகளுக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ உண்ணும் மருந்து மட்டும் தரப்பட்டன. 1999இல் வெளியான பத்தாண்டு முடிவில் அறுவைப் பிரிவில் 90 சதவீதம் பேரும், ஆறு மாத மருந்துப் பிரிவில் 94 சதவீதம் பேரும், ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99 சதவீதம் பேரும் நல்ல நிலையில் இருந்தார்கள். கத்தியே தேவை என்ற ஆதிக்கக் கருத்து மாத்திரையிடம் தோற்றது.

அந்த முடிவில் ஒரு விதிவிலக்கும் பதிவானது: 15 வயதுக்குக் குறைந்து, தொடக்கத்திலேயே கூனின் கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தவர்களுக்கு நோய் தீர்ந்த பிறகும் கூன் கணிசமாகக் கூடியது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்புக் காசநோய் கண்டு அறுவையின்றிக் குணமான 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரை அவிழ்த்தது. 39 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை கூன் கூடிக்கொண்டே போனது, 44 சதவீதம் பேருக்கு அதே வளர்ச்சி கூனைத் தானாகவே குறைத்தது, எஞ்சியோருக்கு மாற்றமில்லை. யாருக்குக் கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே முன்னறிவிக்கும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களையும் அவர் வகுத்தார். கிருமி செத்துப்போன முதுகில், எந்தத் தறியும் எந்தப் பையும் இல்லாமலேயே, வளர்ச்சி மட்டும் தனியாக நின்று வளைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. காசநோய்க் கூனும் வளரிளம் பருவப் பக்கவளைவும் வேறுவேறு நோய்கள்; இரண்டிலும் காலத்தின் கணக்கு ஒன்றே.

வளர்ச்சி மிச்சமிருக்கும்போது செய்யத்தக்கது பிரேஸ். அக்குளின் கீழிருந்து இடுப்புவரை உடலைப் பற்றி, வளைவின் புடைத்த பக்கத்தில் அழுத்தம் கொடுக்கும்படி அளவெடுத்துச் செய்யப்படும் கடினப் பிளாஸ்டிக் உறை அது. இதனால் பயனுண்டா என்ற ஐயம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில் 242 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் வெளியானபோது அந்த ஐயம் பெருமளவு தீர்ந்தது: பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம் பேருக்கும், வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரம் அளவுக்காவது அணிந்தவர்களிடம் வெற்றி 90 சதவீதத்தைத் தாண்டியது. கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிரேஸ் இல்லாமலே வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றதையும் இந்த ஆய்வு காட்டுகிறது. அவர்களில் சிலர் ஏதேனும் ஒரு வைத்தியம் செய்துகொண்டிருந்தால் அந்த வைத்தியம் பலித்ததாகவே ஊர் பேசியிருக்கும். நீவிவிட்டுச் சரியானதாகச் சொல்லப்படும் கதைகளின் இரகசியம் இதுவே. திருவண்ணாமலை மாவட்டத்துச் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உறையை 13 மணி நேரம் அணிவது எளிதன்று. வேர்க்கும், அரிக்கும், பள்ளியில் கேலி செய்வார்கள். பாதி நேரத்தைத் தூக்கத்தில் கழித்துவிடலாம் என்பதும், உள்ளே பருத்திப் பனியன் அணியலாம் என்பதும் சிறு உதவிகள். தன் குற்றத்துக்குத் தண்டனையாக அணிவிக்கப்படுகிறது என்று நினைக்கும் பெண் அதைக் கழற்றி எறிவாள். வளர்ச்சி முடியும்வரைதான் என்று புரிந்தவள் பொறுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வளைவு 45, 50 பாகையைத் தாண்டியபின் பிரேஸுக்கு வேலை இல்லை. அப்போது பேச்சு அறுவைக்கு வருகிறது, வந்ததும் பழக்கக் கருத்தின் இரட்டைப் பிறவியான இன்னொரு கருத்து குறுக்கே நிற்கிறது: முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும். இந்த அச்சத்தை ஏளனம் செய்வது தவறு. ஆரணிக்கு அருகிலுள்ள வேலூரில், 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் சேதமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து, பின்னர் சிஎம்சி மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்று, 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கும் காரணமாக இருந்தார். அத்தகைய நிலையங்களுக்கு வருவோரில் பெரும்பாலோர் மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள். முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையானவர்களைக் கண்ணால் கண்ட ஊர், முதுகில் நடக்கும் எதையும் அதே முடிவோடு முடிச்சுப் போடுகிறது. விபத்து தண்டுவடத்தை நசுக்குவதற்கும், அறுவை தண்டுவடத்தைக் காத்துக்கொண்டே எலும்பைத் திருத்துவதற்கும் இடையிலுள்ள தூரம் அந்த முடிச்சில் காணாமல் போய்விடுகிறது.

ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக உருவாக்கி 1962இல் விவரித்த எஃகுக் கம்பி, வளைவை இழுத்து நீட்டியதே தவிர முறுக்கை அவிழ்க்கவில்லை. 1980களில் பிரான்சின் கோத்ரெலும் டுபூசேவும் பல இடங்களில் பற்றித் திருப்பும் முறையையும், 1990களில் கொரியாவின் சே-இல் சுக் மார்புப்பகுதி முள்ளெலும்புகளுக்குள்ளும் திருகாணி செலுத்தும் முறையையும் கொண்டுவந்தபின்தான் சாய்வோடு முறுக்கையும் திருத்த முடிந்தது. தண்டுவடத்தைக் காப்பதற்கு, 1973இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த முறைப்படி, திருத்தம் முடிந்ததும் மேசையிலேயே நோயாளியைச் சற்று விழிக்கவைத்துக் காலை அசைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இன்று அறுவை நடக்க நடக்கவே மூளைக்கும் காலுக்கும் இடையே மின்சமிக்ஞை தடையின்றிப் போகிறதா என்று கருவி கண்காணிக்கிறது, சமிக்ஞை தளர்ந்தால் திருத்தத்தைத் தளர்த்துகிறார்கள். காரணம் அறியப்படாத வளைவுக்காக அறுவை செய்துகொண்ட 6,334 வளரிளம் பருவத்தினரைப் பற்றி 2006இல் வெளியான தொகுப்பில் நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழேதான் இருந்தது. சுழியம் இல்லை, பெற்றோரிடம் அதைச் சொல்லாமல் ஒப்பம் வாங்கக்கூடாது. ஆனால் அச்சத்தால் தள்ளிப்போடப்படும் வளைவு பெரிதாகவும் விறைப்பாகவும் ஆகிவிடுவதால், பின்னர் அதே அறுவை மேலும் நீண்டதாகவும் ஆபத்து கூடியதாகவும் மாறுகிறது. ஆபத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதே ஆபத்தை வளர்க்கிறது.

எதிர்த்திசையிலும் மிகையுண்டு. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 பாகை வளைவு இருக்கிறது. அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே சிகிச்சை தேவைப்படும். சிகிச்சையே பெறாத 117 பேரை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து அயோவா ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், முதுகுவலி மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தபோதிலும், பெரும்பாலோர் வேலை, குடும்பம் என வழக்கமான வாழ்க்கையே வாழ்ந்திருந்தார்கள். ஆகவே எக்ஸ்ரேயில் 15 பாகை கண்ட வீட்டாரைப் பயமுறுத்திப் பட்டையையும் பெல்ட்டையும் விற்பதும் பழிக்கத்தக்கதே. அளந்து, வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பதே அந்தப் பிள்ளைகளுக்குரிய சிகிச்சை.

அளப்பதற்கு முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அத்திட்டம் தேசிய அளவில் வகுத்த 30 நிலைகளின் பட்டியலில் வளைந்த பாதமும் பிறவி இடுப்பு மூட்டுப் பிசகும் இருக்கின்றன, வளரிளம் பருவ முதுகு வளைவு இல்லை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைக் குழு 2004இல் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டாம் என்று சொல்லி, 2018இல் சான்று போதாது என்று தன் நிலையைத் தளர்த்தியது. ஆகவே பள்ளிதோறும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று கோருவதற்கு இடமில்லை. உயரமும் எடையும் அளப்பதற்காக வந்து நிற்கும் குழு, பெண்பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும், ஆண்பிள்ளைகளை எட்டிலோ ஒன்பதிலோ, ஒரு தடுப்புக்குப் பின்னால் பெண் செவிலியரோ ஆசிரியையோ உடனிருக்க, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை ஒன்றாக்கி முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகின் இரு பக்கமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். மேட்டின் சாய்வை அளக்கும் சிறு கருவி 7 பாகை காட்டினால் மட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளையின் வீட்டில் தறி இருக்கிறதா, பையின் எடை என்ன என்று படிவத்தில் கேட்க வேண்டியதில்லை. முதல் மாதவிடாய் எப்போது, கடந்த ஆண்டு எவ்வளவு உயரம் கூடியது, அக்கா தங்கை யாருக்காவது இப்படி இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.